பக் எண்ணிக்கையை வைத்து யாரைப் பயிற்சிக்கு அனுப்புவது?

காலாண்டு முடிந்ததும் எங்கள் டீமில் ஓர் எக்செல் ஷீட் சுற்றுக்கு வரும். இடது பக்கம் டெவலப்பர் பெயர், வலது பக்கம் அவர் எழுதிய கோடில் (கம்ப்யூட்டர் புரோகிராமில்) டெஸ்டர்கள் கண்டுபிடித்த பக்குகளின், அதாவது பிழைகளின், எண்ணிக்கை. மேலே இருக்கும் நான்கு பேருக்கு மஞ்சள் வண்ணம் அடித்திருக்கும். மஞ்சளில் இருப்பவர்கள் அடுத்த மாதம் ஜாவா என்ற புரோகிராமிங் மொழியில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போக வேண்டும். பல வருடங்களுக்கு முன், சென்னையில் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இது நடந்தது. அந்த ஷீட்டைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன்.

முதல் தடவை அந்தப் பட்டியலில் உச்சியில் இருந்தவர் பெயருக்கு எதிரே 31 என்று இருந்தது. பணம் செலுத்தும் வேலையைக் கவனிக்கும் பத்து வருடப் பழைய பேமென்ட் மாட்யூலை ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டிருந்தவர் அவர். மற்றவர்கள் திறந்து பார்க்கவே தயங்கும் கோட் அது. ஒரு இடத்தில் கை வைத்தால் மூன்று இடத்தில் உடையும். அவரும் பயிற்சிக்குப் போனார். அவருக்கு ஏற்கெனவே தெரிந்த பாடத்தை இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார். அடுத்த காலாண்டில் எல்லோருடைய எண்ணிக்கையும் சரசரவென்று இறங்கியது. பயிற்சி வேலை செய்கிறது என்று மீட்டிங்கில் ஸ்லைடு போட்டோம். உண்மையில் டெவலப்பர்கள் டெஸ்டரின் இடத்துக்கே போய், "டிக்கெட் போடாதீங்க, இப்பவே சரிபண்ணித் தந்துடறேன்" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். பக் அப்படியேதான் இருந்தது. டிக்கெட் என்ற பிழைப் பதிவு மட்டும் நின்றுபோயிருந்தது.

அதற்காக, கேட்ட கேள்வி தவறு என்று நான் சொல்ல மாட்டேன். எந்த டெவலப்பருக்கு எதில் பயிற்சி தேவை என்று கண்டுபிடிக்க, அவர் செய்த பிழைகளைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் "உங்களுக்கு என்ன பயிற்சி வேண்டும்?" என்ற கட்டத்தில் ஆட்கள் எழுதுவது பெரும்பாலும் அந்த வருடம் பிரபலமான தொழில்நுட்பத்தின் பெயராக இருக்கும். பிழைப் பதிவில் இருப்பது உண்மையில் நடந்தது. அந்தச் சாட்சியிடம் நாங்கள் கேட்டது எத்தனை என்று மட்டுமே. கேட்டிருக்க வேண்டியது என்ன வகை, எங்கே நுழைந்தது, எங்கே பிடித்திருக்க வேண்டும் என்பவற்றை.

முதலில் அந்த எண்ணையே பார்ப்போம். பிழை விகிதம் என்று தொழிலில் வழக்கமாகச் சொல்வது ஆயிரம் வரி கோடுக்கு எத்தனை பிழை என்ற கணக்கு. மேலே உள்ள பிழை எண்ணிக்கை, எவ்வளவு தீவிரமாகத் தேடினார்கள் என்பதைப் பொறுத்தது. கீழே உள்ள வரி எண்ணிக்கை, வரி எப்படி எண்ணப்பட்டது என்பதைப் பொறுத்தது. ஒரு டூல் தானாக உருவாக்கிய ஐயாயிரம் வரியைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டவருக்கு விகிதம் அழகாக இருக்கும். முந்நூறு வரியில் சிக்கலான வட்டிக் கணக்கை எழுதியவருக்கு விகிதம் பயங்கரமாக இருக்கும்.

இதைவிட முக்கியமான சங்கதி, எண்களின் இயல்பான ஆட்டம். தர நிர்வாகத்தில் பெரும் பெயர் பெற்ற எட்வர்ட்ஸ் டெமிங் தன் பயிலரங்குகளில் ஒரு செய்முறை நடத்திக் காட்டுவார். ஒரு பெட்டியில் வெள்ளை மணிகளும் சிவப்பு மணிகளும் கலந்து கிடக்கும், ஐந்தில் ஒன்று சிவப்பு. ஐம்பது குழி உள்ள ஒரு பலகையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். சிவப்பு மணி வந்தால் அது பழுது. பார்வையாளர்களிலிருந்து ஆறு பேர் மேடைக்கு வந்து 'தொழிலாளர்' ஆவார்கள். சராசரியாக 10 சிவப்பு வர வேண்டிய இடத்தில் ஒருவருக்கு 6 வரும், இன்னொருவருக்கு 15 வரும். 6 எடுத்தவருக்குப் பாராட்டு, 15 எடுத்தவருக்குக் கண்டிப்பு. மறுமுறை எடுக்கும்போது இந்த வரிசை தலைகீழாக மாறும். பெட்டியில் கலந்து கிடக்கும் மணிகள் மேல் எடுப்பவருக்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது.

அதையே நம் டீமுக்குக் கொண்டு வாருங்கள். ஒரே அளவு திறமையும் ஒரே மாதிரி வேலையும் உள்ள பத்து டெவலப்பர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலாண்டுக்கு ஆளுக்குச் சராசரி 9 பக். தற்செயலால் மட்டுமே அவர்களில் ஒருவருக்கு 5-உம் இன்னொருவருக்கு 14-உம் வருவது வெகு சாதாரணம். 14 வாங்கியவருக்கு நாம் மஞ்சள் அடிப்போம், பயிற்சிக்கு அனுப்புவோம். அடுத்த காலாண்டில் அவருடைய எண் 9-ஐ நோக்கித் தானாக இறங்கும். பயிற்சியால் இறங்கியது என்று நம்புவோம். எங்கள் ஷீட்டில் இருந்த வித்தியாசங்களில் எவ்வளவு இப்படிப்பட்டது என்று நாங்கள் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

ஒருவர் எழுதிய கோடில் பலர் கூடிப் பிழை தேடும் கோட் இன்ஸ்பெக்ஷன் முறையை வகுத்த மைக்கேல் ஃபேகன், 1976-இல் ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னலில் அதைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, இன்ஸ்பெக்ஷனில் கிடைத்த பிழைக் கணக்கை ஆட்களின் செயல்திறன் மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று எச்சரித்திருந்தார். பயன்படுத்தினால் அடுத்த இன்ஸ்பெக்ஷனில் பிழை வெளியே வராது. எங்கள் டெஸ்டரின் மேசையருகே நடந்தது அதுதான்.

சரி, அப்படியானால் பிழையை வைத்துப் பயிற்சித் தேவையை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரிந்து இதற்கு மிகத் தெளிவான விடை ஐபிஎம்மில் 1980-களில் உருவான பிழைத் தடுப்பு முறையில் இருக்கிறது. கரோல் ஜோன்ஸ் அதைப் பற்றி 1985-இல் எழுதினார். ராபர்ட் மேஸும் அவரும் மற்றவர்களும் சேர்ந்து 1990-இல் அதன் அனுபவங்களை விரிவாக எழுதினார்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அந்த வேலையைச் செய்தவர்களே கூடி உட்கார்ந்து, ஒவ்வொரு பிழையும் ஏன் வந்தது என்று பேசுவார்கள். காரணத்தை நான்கில் ஒன்றாக வகைப்படுத்துவார்கள்: தகவல் வந்து சேரவில்லை, கவனத்திலிருந்து நழுவியது, போதிய அறிவு இல்லை, தெரிந்தும் எழுதும்போது கை தவறியது.

இந்த நான்கில் பயிற்சி வகுப்பு என்ற மருந்து கேட்கும் நோய் ஒன்றே ஒன்று. தகவல் வந்து சேராததால் வந்த பிழைக்கு எத்தனை நாள் வகுப்பு எடுத்தாலும் பயன் இல்லை. கிளையன்ட் வரி (டாக்ஸ்) விகிதத்தை மாற்றியது பக்கத்து டீமுக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாவிட்டால், நீங்கள் ஜாவாவில் கரைகண்டவராக இருந்தும் தப்பாகத்தான் எழுதுவீர்கள். நழுவிப்போன பிழைக்குச் செக்லிஸ்ட் வேண்டும். கை தவறிய பிழையைப் பிடிக்க ஒரு டூல் போதும்.

அறிவு இல்லை என்ற வகையையும் அவர்கள் அப்படியே விடவில்லை. புதிதாகச் சேர்க்கும் வசதி புரியவில்லையா, ஏற்கெனவே இருக்கும் பழைய கோட் புரியவில்லையா, வேறு ஏதாவதா என்று பிரித்தார்கள். இந்தப் பிரிவை நான் முதலில் படித்தபோது எனக்கு அந்த 31 நினைவுக்கு வந்தது. அவருக்கு ஜாவா தெரியும். அந்தப் பழைய மாட்யூல் ஏன் அப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. எழுதியவர்கள் எல்லோரும் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். அவருக்கு வேண்டியிருந்தது, அந்த கோட் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாரம் விளக்குவது. அப்படி ஒரு பயிற்சி எந்தப் பயிற்சிப் பட்டியலிலும் இருக்காது.

இதை நடைமுறையில் கொண்டு வருவதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. பிழை டிக்கெட்டுகளைப் பதிந்து வைக்கும் எங்கள் டிராக்கரிலும் டிக்கெட்டை மூடும்போது 'மூல காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. கீழே இழுத்தால் ஏழெட்டு விருப்பங்கள். கிட்டத்தட்ட எல்லோரும் தேர்ந்தெடுப்பது 'கவனக்குறைவு'. அதைப் போட்டால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள். 'தெரியவில்லை' என்று ஒப்புக்கொள்வதைவிட 'கவனிக்கவில்லை' என்பது மானத்தைக் காப்பாற்றும். ஆகவே பயிற்சித் தேவையெல்லாம் கவனக்குறைவு என்ற போர்வைக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

ஒரு உதாரணத்தைக் கிட்டே வைத்துப் பார்க்கலாம். கடன் தவணைத் தேதி. கடன் தொடங்கியது ஜனவரி 31. ஒவ்வொரு மாதமும் தவணைத் தேதி வர வேண்டும். டெவலப்பர் எழுதியது இப்படி: முந்தைய தவணைத் தேதியோடு ஒரு மாதம் கூட்டு. ஜனவரி 31-ஓடு ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 28. அதுவரை சரி. அந்த 28-ஓடு ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28. வர வேண்டியது மார்ச் 31. பிப்ரவரியைத் தாண்டியதும் அந்தக் கடனின் தேதி நிரந்தரமாக 28-இல் போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் தேதியை விடாமல் வைத்துக்கொண்டு அதிலிருந்து ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் என்று கூட்டியிருந்தால் இந்தப் பிரச்சினையே வராது.

டிக்கெட்டில் காரணம்: கவனக்குறைவு. ஆனால் அந்த டெவலப்பரோடு உட்கார்ந்து பேசியபோது தெரிந்தது, மாதம் கூட்டும்போது ஒருமுறை குறைந்துபோன தேதி பழையபடி திரும்ப வராது என்பது அவருக்கு யாரும் சொல்லித் தராத ஒன்று. நாள் கூட்டுவது போலத்தான் மாதம் கூட்டுவதும் என்று நினைத்திருந்தார். அதற்குப் பிறகு பழைய டிக்கெட்டுகளைப் புரட்டினேன். லீப் வருடம், நள்ளிரவைத் தாண்டும் பேட்ச் ஜாப் (மொத்தமாகச் சேர்த்து ஓட்டும் வேலை), இந்திய நேரத்தில் பதிந்து லண்டன் நேரத்தில் படித்தது என்று தேதி சம்பந்தப்பட்டவை வரிசையாகக் கிடைத்தன. வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு மாட்யூல்கள். ஒரு ஆளின் பெயருக்கு எதிரே ஒன்றோ இரண்டோதான், மஞ்சள் பட்டியலில் யாரும் வரவில்லை. ஆள்வாரியாக எண்ணியவரை இது கண்ணிலேயே படவில்லை. வகைவாரியாகக் கூட்டியதும் மொத்த டீமுக்கும் ஒரே இடத்தில் ஓட்டை இருப்பது தெரிந்தது.

அரை நாள் வகுப்பு ஒன்று வைத்தோம். பாடப் பொருள் எங்களுடைய அதே டிக்கெட்டுகள், பெயர்களை நீக்கிவிட்டு. அதில் எல்லோரும் காட்டிய ஆர்வத்தை இரண்டு நாள் ஜாவா வகுப்பில் நான் பார்த்ததில்லை. தன் வீட்டுக் கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துகொள்ள யாருக்கும் ஆர்வம் இருக்கும்.

பிழைகளை வகை பிரிப்பதற்கு நன்றாக யோசித்து உருவாக்கிய முறைகள் ஏற்கெனவே இருக்கின்றன, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஐபிஎம் ஆய்வகத்தில் ராம் சில்லரேகேயும் அவருடைய குழுவும் 1992-இல் வெளியிட்ட வகைப்பாடு ஒன்று. பிழையைச் சரிசெய்யும்போது நீங்கள் எதை மாற்றினீர்கள் என்பதைத்தான் அது கேட்கும். ஒரு மாறிக்கு மதிப்புக் கொடுத்ததையா, ஒரு நிபந்தனைச் சோதனையையா, இரண்டு மாட்யூல்களுக்கு இடையிலான இணைப்பையா, ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளின் வரிசையையா, அல்லது வடிவமைப்பையே திரும்ப யோசிக்க வேண்டியிருந்ததா? காரணம் கேட்டால் மழுப்பலாம். என்ன மாற்றினாய் என்று கேட்டால் மழுப்ப வழியில்லை, கோடிலேயே தெரியும். வகை தெரிந்ததும் பிழை எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்பதும் ஓரளவு தெரிந்துவிடும். சிஸ்டம் டெஸ்டிங் வரை வந்த பிறகும் வடிவமைப்பு வகைப் பிழைகள் குறையாமல் வந்துகொண்டிருந்தால், டீமுக்கு மொழிப் பயிற்சி கொடுத்துப் புண்ணியமில்லை. வடிவமைப்பைப் பற்றிப் பேசவும் எழுதவும்தான் அவர்கள் கற்க வேண்டும்.

தனி ஆளுடைய பயிற்சித் தேவையைப் பற்றி அதிகம் யோசித்தவர் வாட்ஸ் ஹம்ஃப்ரி. ஐபிஎம்மில் 27 ஆண்டுகள் இருந்துவிட்டு, 1986-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனத்துக்கு வந்தவர். நம் ஐடி நிறுவனங்கள் ஒரு காலத்தில் வாசலில் பெரிதாக எழுதி வைத்த 'சிஎம்எம் லெவல் 5' என்ற உச்ச நிலைத் தர அடையாளம் அவருடைய வேலையிலிருந்து பிறந்தது. சென்னையில் அவர் பெயரிலேயே ஒரு மென்பொருள் தர நிறுவனம் 2000-இல் தொடங்கப்பட்டது. நிறுவனங்களுக்குச் சொன்னது தனி ஆளுக்கும் பொருந்துமா என்று பார்க்க, வயது அறுபதைத் தாண்டிய பிறகு தானே உட்கார்ந்து அறுபதுக்கும் மேற்பட்ட சிறு புரோகிராம்களை எழுதி, ஒவ்வொன்றிலும் தான் செய்த பிழைகளைக் குறித்தார். அதிலிருந்து வந்ததுதான் பிஎஸ்பி என்ற தனிநபர் முறை. 1995-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார்.

பிஎஸ்பியின் பிழைக் குறிப்பேடு மிக எளிமையானது. தேதி, பிழை வகை, எந்தக் கட்டத்தில் நுழைந்தது, எந்தக் கட்டத்தில் நீங்கியது, சரிசெய்ய எத்தனை நிமிடம், ஒரு வரி விளக்கம். புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் பிடிக்கும் சின்னப் பிழையையும் எழுத வேண்டும். அப்படி எல்லாவற்றையும் எழுதினால், அனுபவமுள்ள டெவலப்பர்களே ஆயிரம் வரிக்குச் சராசரியாக நூறு அளவில் பிழைகளை நுழைக்கிறார்கள் என்று அவருடைய வகுப்புகளில் சேர்ந்த தரவு காட்டியது. பத்து வரிக்கு ஒன்று. பெரும்பாலானவற்றை நாமே போகிற போக்கில் திருத்திவிடுவதால் நமக்கு நினைவில் தங்குவதில்லை.

நான் இதை ஆறு வாரம் செய்து பார்த்தேன். என் பலவீனம் சிக்கலான அல்காரிதம்களில் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். குறிப்பேடு வேறு கதை சொன்னது. என் பிழைகளில் திரும்பத் திரும்ப வந்தது, ஒன்றும் இல்லாத பட்டியல் வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காதது. ஒரு ஆர்டரில் பொருளே இல்லை, ஒரு வாடிக்கையாளருக்கு முகவரியே இல்லை என்ற மாதிரி இடங்கள். நுழைத்தது வடிவமைப்பில், கண்டுபிடித்தது டெஸ்டிங்கில், ஒவ்வொன்றுக்கும் சரிசெய்யும் நேரம் நான் நினைத்ததைவிடப் பல மடங்கு. இந்தக் குறிப்பேட்டிலிருந்து தன் செக்லிஸ்ட்டைத் தானே செய்துகொள்ள வேண்டும் என்பது ஹம்ஃப்ரியின் யோசனை. இணையத்தில் கிடைக்கும் நாற்பது வரிச் செக்லிஸ்ட் வேண்டாம், உங்களுக்கு உண்மையில் வரும் நாலைந்து போதும்.

இன்னொன்றையும் அவர் வலியுறுத்தினார். இந்தத் தரவு எழுதியவருக்குச் சொந்தம், மேனேஜர் கேட்கக் கூடாது. டீமாகக் கூட்டிய எண்களைப் பகிரலாம், ஆள்வாரியாகக் கூடாது. எங்கள் மஞ்சள் ஷீட்டுக்கு நேர் எதிரான ஏற்பாடு இது. தன் பிழையைத் தானே முழுசாகப் பார்த்தவர் பயிற்சியைத் தானே கேட்டு வருவார் என்பதுதான் கணக்கு, அதை நான் நம்புகிறேன். ஆனால் இந்தத் தரவும் சுத்தமானது என்று சொல்லிவிட முடியாது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஆன் டிஸ்னியும் ஃபிலிப் ஜான்சனும் ஒரு பிஎஸ்பி வகுப்பின் படிவங்களைத் துருவி 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பதிவுகளிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட தவறுகளைக் காட்டினார்கள். கையால் எழுதி, கையால் கூட்டுவதில் இருக்கும் சிக்கல் அது. ஆகவே இந்தக் குறிப்பேட்டிலிருந்து தசம ஸ்தானம் வரை விகிதம் கணக்கிடுவதில் அர்த்தமில்லை. எது அடிக்கடி வருகிறது என்று பார்க்க மட்டும் அது நன்றாகவே போதும்.

இதுவரை பேசியது பிழையை நுழைத்தவரைப் பற்றி. பிழை ஒன்று புரொடக்ஷன் வரை, அதாவது வாடிக்கையாளர் பயன்படுத்தும் இடம் வரை, போய்விட்டது என்றால், அதை எழுதியவர் ஒருவர், வழியில் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள் பலர். பயிற்சித் தேவை அவர்களிடமும் இருக்கலாம், இந்தப் பக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒவ்வொரு பிழைக்கும், இதை எங்கே பிடித்திருக்கலாம் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொண்டால் படம் மாறும். மேலே சொன்ன தவணைத் தேதிப் பிழையை, சக டெவலப்பர்கள் கோட் படித்துச் சரிபார்க்கும் ரிவ்யூவில் இரண்டு பேர் பார்த்து ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். மாற்றம் சின்னது, ஐந்து வரி. இருவரும் பெயரிடலையும் இடைவெளியையும் பற்றிக் கருத்து எழுதியிருந்தார்கள்.

விக்டர் பேசிலியும் ரிச்சர்ட் செல்பியும் 1987-இல் வெளியிட்ட சோதனை இங்கே நினைவுக்கு வருகிறது. நாசாவின் காடர்ட் மையத்தையும் கம்ப்யூட்டர் சயின்சஸ் கார்ப்பரேஷனையும் சேர்ந்த 32 தொழில்முறை டெவலப்பர்களும் 42 மாணவர்களும் அதில் பங்கேற்றார்கள். புரோகிராமை வரிவரியாகப் படிப்பது, இரண்டு வித டெஸ்டிங் என்று மூன்று முறைகளை ஒப்பிட்டார்கள். தொழில்முறை ஆட்களிடம் அதிகப் பிழையைக் கண்டுபிடித்தது கோட் படிக்கும் முறை. சும்மா கண்ணை ஓட்டுவதை அவர்கள் படிப்பது என்று சொல்லவில்லை. சின்னப் பகுதி ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று எழுதி, அவற்றைச் சேர்த்து மொத்தம் என்ன செய்கிறது என்று கண்டறிந்து, செய்ய வேண்டியதோடு ஒப்பிடுவது. அது பழகினால்தான் வரும். கல்லூரியிலிருந்து நிறுவனம் வரை நாம் எழுத மட்டுமே கற்றுத் தருகிறோம், அடுத்தவர் எழுதிய கோட் படிக்க யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. இப்போது ஏஐ எழுதித் தரும் கோட் நாள்தோறும் ரிவ்யூவுக்கு வருகிறது. அதில் வரும் பிழையை எந்த டெவலப்பர் பெயருக்கு எதிரே எழுதுவது? அந்தக் கட்டமே காலாவதியாகிக்கொண்டிருக்கிறது. படிக்கத் தெரிந்தவரின் தேவை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

பயிற்சி கொடுத்தாகிவிட்டது, பலன் இருந்ததா என்று எப்படித் தெரியும்? மொத்த எண்ணிக்கையைப் பார்த்தால் மறுபடியும் டெமிங்கின் மணிப் பெட்டிக்குத்தான் திரும்புவோம். எந்த வகைக்குப் பயிற்சி கொடுத்தோமோ அந்த வகையை மட்டும் பின்தொடர வேண்டும். அப்புறம், அது எங்கே பிடிபடுகிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் தேதி வகுப்புக்குப் பிறகு வந்த மாதங்களில் தேதிப் பிழைகளின் பதிவு கூடியது. கலவரப்படாமல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். கூடியவை எல்லாம் ரிவ்யூவில் பிடிபட்டவை. முன்பு யாரும் கண்டுகொள்ளாத இடத்தில் இப்போது ஒருவர் நிறுத்தி, "இது மாதக் கடைசியில் என்ன ஆகும்?" என்று கேட்டிருந்தார். டெஸ்டிங்குக்குப் போனவை குறைந்திருந்தன. மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் பயிற்சி தோற்றது என்று எழுதியிருப்போம்.

இதைத் தொடங்க விரும்பும் டீமுக்கு நான் சொல்வது ஒரு மணி நேர வேலை. கடைசியாக மூடிய இருபது டிக்கெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர்கள் நான்கைந்து பேர் போதும், மேனேஜர் வேண்டாம். பெயர்களை மறைத்துவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டியவை: எதை மாற்றிச் சரிசெய்தோம், எந்தக் கட்டத்தில் நுழைந்தது, எந்தக் கட்டத்தில் பிடித்திருக்கலாம், சரியாக எழுத என்ன தெரிந்திருக்க வேண்டும். கவனக்குறைவு என்ற விடையை அந்த ஒரு மணி நேரத்துக்குத் தடை செய்துவிடுங்கள். முதல் ஐந்து டிக்கெட் வரை எல்லோரும் தயங்குவார்கள். ஏழாவதிலோ எட்டாவதிலோ ஒருவர், "இது எனக்கு உண்மையிலேயே தெரியாது" என்பார். பக்கத்தில் இருப்பவர், "எனக்கும்" என்பார். அந்த இடத்தில் பேனாவை எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.